பக்கத்துப் பாய்

1

இந்தக் கதையை எனக்குத் திரும்பத் தந்தது வானொலி. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மரண அறிவித்தல் நேரத்தில், "ஓய்வுபெற்ற ஆசிரியை திருமதி அன்னபூரணி இராசதுரை காலமானார்" என்று வாசித்தார்கள். அவருக்கு முன்னால் சாவகச்சேரியில் யாரோ ஒரு தபாலதிபர், பின்னால் மட்டக்களப்பில் யாரோ ஒரு அப்பு. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவி முடித்தேன், சொதியும் வைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய உண்மையான பெயரை வானொலி ஒரு தரம் வாசித்தது போதும்.)

கதையில் வரும் ஜெமீலா நான்தான். இதை ஒளித்துவைத்துக் கடைசிப் பக்கத்தில் எடுத்துக் காட்டி உங்களைத் திடுக்கிட வைக்கிற வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம். பதின்மூன்று வருடங்களில் ஐந்து தரம் "நான்" என்று தொடங்கி எழுதிப் பார்த்துவிட்டேன். "நான்" என்று தொடங்கினால், இரண்டாம் பக்கத்திலேயே எனக்காக நானே வழக்குப் பேசத் தொடங்கிவிடுகிறேன். "ஜெமீலா" என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். பார்ப்போம்.

2

முதல் தொடக்கம்: "துறைமுகத்தின் மேல் பனி மூட்டமாக" (ஆவணி மாதத்தில் திருகோணமலையில் எங்கே பனி? வெட்டு.)

இரண்டாம் தொடக்கம்: "மரணம் என்பது" (வேண்டாம். இப்படித் தொடங்கியவர்கள் போதும்.)

மூன்றாம் தொடக்கம்: 1969ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இருபத்தாறு பேரைப் பொலன்னறுவைக்குக் கூட்டிப்போய், ஒரு இரவு அங்கே தங்கி, அடுத்த நாள் கொண்டுவந்து சேர்ப்பதாகத் திட்டம். வகுப்பாசிரியை மிஸிஸ் இராசதுரை கரும்பலகையில் ஒரு பெரிய சதுரம் கீறியிருந்தார்.

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அந்தச் சதுரம், பிள்ளைகள் படுக்கப்போகிற மண்டபம். கதவு எந்தப் பக்கம், உள்ளே தாழ்ப்பாள் உண்டா, ஆம்பிளை வாத்திமார் எங்கே படுப்பார்கள், கக்கூசுக்குப் போனால் யார் கூடப் போவது என்று பெற்றோர் ஒருவர் மாறி ஒருவர் கேட்டார்கள். மிஸிஸ் இராசதுரை ஒவ்வொன்றுக்கும் சோக்கட்டியால் கோடு போட்டுப் பதில் சொன்னார். இருபத்தாறு பாய்களையும் கீறினார். தன்னுடைய பாயைக் கதவுக்குக் குறுக்கே கீறினார்.

"என்னைத் தாண்டி ஒருத்தரும் வர ஏலாது," என்றார். அவர் நல்ல பருமனான மனுஷி. மண்டபம் சிரித்தது.

எல்லாருடைய பயமும் இரவைப் பற்றியதாகவே இருந்தது. காலையில் எங்கே குளிப்பது என்று ஒரு தாயும் கேட்கவில்லை. அதை நான் அவர்களுடைய குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு துறைமுகத்தில் நீந்தப் பழகியவர்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிற பிள்ளையை எங்கள் பக்கத்தில் பகிடி பண்ணுவார்கள்.

கடைசியில் மிஸிஸ் இராசதுரை ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளைகளுக்கு ஏதாவது வருத்தம் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்கோ. முட்டு, வலிப்பு, எதெண்டாலும்."

"என்ட மகள் பஸ்ஸில சத்தி எடுப்பாள்," என்றார் ஒரு தாய். மறுபடியும் சிரிப்பு.

மூன்றாவது வாங்கில் இருந்த திரேசம்மா சிரிக்கவில்லை. அவருடைய இளைய மகள் அருள்மலருக்கு இரண்டு வருடமாக வலிப்பு. மூத்த மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அதே வாங்கில் நாலு பேர் தள்ளி இருந்தாள். அவளுடைய பேத்தியும் அந்தப் பயணத்துக்குப் போகிறாள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு என்றால் மற்றப் பிள்ளையைக் கட்ட எவன் வருவான்?

(மிஸிஸ் இராசதுரை அந்தக் கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்டிருக்கக்கூடாது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், திரேசம்மா சொல்லியிருப்பார். ஒரு வரைவில் இதை இரண்டு பக்கத்துக்கு நீட்டி அவரைக் கிழி கிழி என்று கிழித்து எழுதியிருந்தேன். எழுதி முடித்தபோது எனக்குச் சுகமாக இருந்தது. அதனால்தான் அதைக் கிழித்துப் போட்டேன்.)

4

ஜெமீலாவின் வாப்பா முத்தலிப், துறைமுகத்தடியில் கயிறும் மண்ணெண்ணெய் விளக்கும் விற்கிறவர். பெண் பிள்ளையை இரவில் வெளியே விடுவதில்லை என்று ஒரே பிடியாக நின்றார். மிஸிஸ் இராசதுரை வீட்டுக்கு வந்து கேட்டும் மசியவில்லை. ஜெமீலா இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து பார்த்தாள். அதுவும் பலிக்கவில்லை.

அவர் மனதை மாற்றியவர் திரேசம்மாதான். அதே ஒழுங்கையில் மூன்றாவது வீடு. புருஷன் ஹெக்டருக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. ஒரு பின்னேரம் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு முத்தலிப்பின் வாசலில் வந்து நின்றார்.

"நானா, ஜெமீலாவை விடுங்கோ. அருள்மலருக்குப் பக்கத்தில அவள் படுப்பாள். ரெண்டு பேரும் ஒண்டுக்கொண்டு துணை."

"பொம்புளப் புள்ள, தங்கச்சி."

"என்டதும் பொம்பிளைப் பிள்ளைதானே, நானா."

முத்தலிப் யோசித்தார். பிறகு பள்ளிக்கூடம் அனுப்பிய சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஜெமீலா துள்ளிக் குதித்தாள். திரேசம்மா அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஒரு களைப்பு இருந்தது. அது ஜெமீலாவுக்கு அப்போது விளங்கவில்லை.

5

அடுத்த நாள் திரேசம்மா ஜெமீலாவைத் தன் வீட்டுக் குசினிக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். பள்ளிக்கூடம் பெற்றோரை ஆயத்தப்படுத்தியது. திரேசம்மா ஆயத்தப்படுத்தியது பதினொரு வயதுப் பிள்ளையை.

"மகள், அருள்மலருக்கு ஒரு வருத்தம் இருக்கு. நித்திரையிலதான் வாறது. முழிச்சிருக்கேக்க ஒரு நாளும் வந்ததில்ல. கை கால் இழுக்கும். பயப்பிடாத. சரிச்சுப் படுக்க வை. இந்தத் திறப்பைக் கையில குடு."

பூட்டுத் தொலைந்துபோன ஒரு பழைய இரும்புத் திறப்பு. இரும்பைப் பிடித்தால் இழுப்பு நிற்கும் என்பது எல்லாரும் நம்பிய வைத்தியம்.

"ரீச்சருக்குச் சொல்லட்டா, மாமி?"

"ஒருத்தருக்கும் சொல்லாத. உன்ட உம்மாட்டையும் வேண்டாம். மாதாவாண எண்டு சொல்லு."

"நாங்க மாதாவாண சொல்றதில்ல, மாமி."

"அப்ப உங்கட ஆணையைச் சொல்லு."

ஜெமீலா சொன்னாள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பெரிய மனுஷி தன்னை நம்பி ஒரு இரகசியத்தைத் தந்திருக்கிறார். அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்: பெருமையாக இருந்தது.

6

இனி இரவு. இதைத்தான் ஐந்து வரைவிலும் தாண்டிப் போனேன்.

கரும்பலகையில் கீறியபடியே எல்லாம் நடந்தது. கதவு தாழிடப்பட்டது. மிஸிஸ் இராசதுரை குறுக்கே படுத்தார். அருள்மலரின் பாயும் ஜெமீலாவின் பாயும் சுவரோரம் ஒட்டியிருந்தன.

விளக்கை அணைத்ததும் ஜெமீலாவுக்குப் பயம் பிடித்தது. இழுப்பு என்றால் எப்படியிருக்கும் என்று அவள் கண்டதேயில்லை. திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக நினைத்துப் பார்த்தாள். நித்திரையிலதான் வாறது. முழிச்சிருக்கேக்க வராது. அப்படியென்றால் வழி லேசுதானே. அருள்மலர் நித்திரை கொள்ளாவிட்டால் சரி.

அவள் கதை சொல்லத் தொடங்கினாள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது, அதில் ஒரு மனிதரும் இல்லை. அருள்மலரின் கண் சொருகுகிற போதெல்லாம் கப்பலின் இன்னொரு அறையைத் திறந்தாள். ஒரு அறையில் சூடாறாத தேத்தண்ணி. ஒரு அறையில் அழுகிற சத்தம், ஆள் இல்லை.

"எனக்கு நித்திரை வருகுதடி. காலைமை சொல்லு."

"இதுக்குப் பிறகுதான் நல்ல இடம். கேள்."

கிள்ளினாள். தண்ணீர் தெளித்தாள். ஒரு தரம் அருள்மலர் அழுதேவிட்டாள். அதற்கும் விடவில்லை. விடியச்சாமம் பறவைகள் கத்தத் தொடங்கியபோது, தான் வென்றுவிட்டதாக ஜெமீலா நினைத்தாள்.

(என் கதைகளில் வாசகரைக் கட்டிப்போடுகிற ஏதோ ஒன்று இருப்பதாகப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அதை நான் எங்கே பழகினேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தச் சுவரோரம் பழகினேன்.)

பல வருடம் கழித்து ஒரு டாக்குத்தர் எனக்குச் சொன்னார்: வலிப்புக்காரரை இரா முழுக்க விழிக்க வைத்தால், அதைப்போல வலிப்பைக் கூப்பிடுகிற வேறு காரியம் இல்லை. நான் ஒரு கதைக்காகக் கேட்பதாகத்தான் அவரிடம் சொன்னேன்.

7

காலை ஏழரை மணி. குளத்திலிருந்து வருகிற வாய்க்கால். இடுப்பளவு தண்ணீர். படியில் நின்று மிஸிஸ் இராசதுரை தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"கப்பலில கடைசியா ஆர் இருந்தது?" என்று கேட்டாள் அருள்மலர். கண் சிவந்திருந்தது.

"குளிச்சுப்போட்டுச் சொல்றன்."

உண்மையில் ஜெமீலாவுக்கு அது தெரியாது.

அருள்மலர் முங்கினாள். மூச்சுப் பிடிப்பதில் வகுப்பிலே அவள்தான் கெட்டிக்காரி. அதனால் மற்றப் பிள்ளைகள் வழக்கம்போல எண்ணத் தொடங்கினார்கள். பத்து. இருபது. முப்பது. எங்கள் துறைமுகத்தில் யார் முங்கினாலும் எண்ணுவோம், அது எங்கள் விளையாட்டு. ஜெமீலாவும் எண்ணினாள்.

ஒரு வரைவில் நான் கரைக்கு ஓடித் திறப்பைத் தேடுகிறேன். அது நன்றாக வந்திருந்தது, வாசித்த ஒரு நண்பர் கண் கலங்கினார். ஆனால் அது பொய். அவள் எங்கும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, நாற்பத்து மூன்று வரை மற்றவர்களோடு சேர்ந்து எண்ணினாள்.

தண்ணீருக்கு மேலே ஒரு கை வந்து வெட்டி வெட்டி இழுத்ததைக் கண்டவர் மிஸிஸ் இராசதுரை. சேலையோடு குதித்தார். அவருக்கு நீந்தத் தெரியாது, அவர் கடல் இல்லாத மானிப்பாய்க்காரி. அருள்மலரைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது பிள்ளையின் பற்கள் இறுகிக் கிட்டியிருந்தன. வைத்தியசாலை இரண்டு மைல் தூரம். பஸ் சாரதி வழியில் எங்கும் நிறுத்தவில்லை. போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

8

விசாரணை நடந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மிஸிஸ் இராசதுரை: "பிள்ளைக்கு இழுத்தது. நான் கண்ணால கண்டனான்."

திரேசம்மா: "என்ட பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்லா நீந்துவாள். ரீச்சர் பார்க்கேல்ல, அதுதான்."

இதைச் சொல்லும்போது அவர் மிஸிஸ் இராசதுரையின் முகத்தைப் பார்க்கவில்லை. மூத்த மகளின் கலியாணத்துக்கு அப்போது நாலு மாதம் இருந்தது.

ஜெமீலாவையும் கேட்டார்கள். அவள் ஆணையிட்டவள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிள்ளை பயந்துபோனது என்று விட்டுவிட்டார்கள்.

மிஸிஸ் இராசதுரை கவனமற்றவர், அதோடு தப்புவதற்குச் செத்த பிள்ளைமேல் நோயைப் போடுகிறவர் என்று ஊர் முடிவுகட்டியது. வவுனியாவுக்கு அப்பால் ஏதோ ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையையும் எங்கும் கூட்டிப்போகவில்லை என்று கேள்வி. என்னால்தான். திரேசம்மாவாலும்தான். ஆனால் என்னால்.

9

முடிவுக்கு வந்துவிட்டோம். முடிவுதான் இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆட்கள் போனபின், திரேசம்மா ஜெமீலாவை அதே குசினிக்குக் கூப்பிட்டார். ஜெமீலா திறப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி வைத்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

"அண்டைக்கு ராத்திரி அவள் நல்லா நித்திரை கொண்டவளா, மகள்?"

முடிவு அ: ஜெமீலா "ஓம்" என்கிறாள். அப்படியானால் அது வழமையான வருத்தமல்ல, பிள்ளை கால் வழுக்கியிருக்கும் என்று தாய் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். குற்றம் முழுவதும் மிஸிஸ் இராசதுரையின் தலையில் போய் இருக்கும்.

முடிவு ஆ: ஜெமீலா "இல்லை, நான் விடேல்ல" என்கிறாள். தான் மறைத்ததும், மறைத்ததை ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுத்ததும் சேர்ந்து மகளைக் கொன்றன என்று தாய்க்குத் தெரிந்துவிடும். ஜெமீலாவின் பங்கும் தெரிந்துவிடும்.

முடிவு இ: ஜெமீலா அழுகிறாள், திரேசம்மா அவளைக் கட்டிப்பிடி (இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.)

ஜெமீலா ஒரு சொல் சொன்னாள். அதற்காக இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

"……………, மாமி."

எது பொருந்தும் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பதினொரு வயதுப் பிள்ளை, கையில் ரீச்சர், மாமி, தான் என்று மூன்று பேர், யாராவது ஒருவரைக் கீழே போட வேண்டும். அவசரப்பட வேண்டாம்.

திரேசம்மா மாமி இன்னும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறார். என் பெயர் வந்த பத்திரிகை எதையும் விடுவதில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறாய், மகள்" என்பார். இது அச்சில் வந்து நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், அவரும் வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் இருந்த சொல் வாசகர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆறாம் பகுதியையும் அவர் இப்போது வாசித்து முடித்திருப்பார்.

நீங்கள் எதை எழுதினாலும், அதற்குப் பிறகு அந்த மூன்றாவது வீட்டுக்கு யாராவது போக வேண்டும். நான் இன்னும் போகிறதுக்குச் சட்டையைக்கூட மாற்றவில்லை.