கலங்கரை வந்தால் கைதட்டு யாருக்கு

"கடைசி எபிசோட்ல கலங்கரை வந்தே ஆகணும்" என்றார் கார்வின். சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த டாக்கோவை எடுத்துக் கடித்தார். அது என்னுடைய டாக்கோ. ஸ்டூடியோ மேலிடத்திலிருந்து வருகிறவர்களுக்கு அடுத்தவர் தட்டு, அடுத்தவர் கதை என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்கில் டிவி தொடர் எழுதிப் பிழைக்கிறவள் நான். 'மதகு' தொடருக்குத் தலைமை எழுத்தாளர். கலங்கரை யாரென்று இந்த ஊரில் சொல்லத் தேவையில்லை. நெஞ்சில் விளக்கு எரிய, வானத்தில் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுகிற ஆள். அவன் படம் ஒன்றில் அணைகளை உடைக்கும் வில்லியாக வந்தவள்தான் மதகு. வந்தது கொஞ்ச நேரம். ஆனால் படம் பார்த்தவர்கள் அவனை விட்டுவிட்டு அவளைப் பற்றியே பேசினார்கள். அதனால் அவளுக்கென்று தனித் தொடர். வீரா என்ற அணைப் பொறியாளர் எப்படி மதகு ஆனாள் என்பதுதான் கதை. கடைசி எபிசோட் மட்டும் எழுத வேண்டியிருந்தது.

"இது அவ கதை கார்வின். அவன் வந்தா அவன் கதை ஆயிடும்" என்றேன்.

"ரோவினா, உன் இஷ்டம். அவன் வரலைன்னா அடுத்த சீசன் இல்லை. மேல முடிவு பண்ணிட்டாங்க." விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் வெள்ளைப் பலகையில் ஒட்டியிருந்த காட்சி அட்டைகளையெல்லாம் கிழித்துப் போட்டிருப்பேன். மரிசோல் குறுக்கே வந்து நின்றாள். எங்கள் அறையில் என்னை எதிர்த்துப் பேசுகிற ஒரே எழுத்தாளர் அவள்தான்.

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றாள்.

"நீயுமா?"

"அணை உடையப் போகுது. ஊரே முழுகப் போகுது. கலங்கரை எங்கேன்னு பாக்கறவங்க கேப்பாங்கல்ல?"

"வெளியூர் போயிருந்தான்னு சொல்லிக்கலாம்."

"எந்த வெளியூர்? அவன் காபி ஆறறதுக்குள்ள உலகத்தைச் சுத்தி வர்றவன்."

அவள் சொன்னது சரிதான். சரி என்பதால் இன்னும் கோபம். கலங்கரை மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், சாவு வீட்டில் பிணமாக இருக்க வேண்டும். நம் வீட்டுக் கதைக்குள் ஒரு காலை வைத்தால் போதும், கேமராவே அவன் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நான் பயந்தது ஒடெஸ்ஸாவுக்காக. வீராவாக நடிப்பவள் அவள். இந்த ஊரில் தலை நரைக்கும் வரை நர்ஸாக, நீதிபதியாக, யாருக்கோ அம்மாவாக, பிணவறை மேசையில் போர்வைக்கு அடியில் படுத்திருக்கும் உடலாகவும் நடித்திருக்கிறாள். முதல் தடவையாக அவள் பெயர் மேலே வருகிறது. அந்தக் கடைசிக் காட்சியை எவனோ பறந்து வந்து கொத்திக்கொண்டு போவதற்கா நான் எழுதுகிறேன்?

ஸ்டூடியோ சொன்னதை அவளிடம் போய்ச் சொன்னேன். ஒப்பனை நாற்காலியில் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"வரட்டுமே" என்றாள். "எனக்கும் அடுத்த சீசன் வேணும். ஆனா ஒண்ணு. கடைசியில நான் அவன் முன்னாடி மண்டி போட்டு அழற மாதிரி எழுதினே, உன் வீட்டுக் குழாயைத் திறந்து விட்டுட்டு வந்துடுவேன்."

"அப்படி எழுதுவேனா?"

"நீ எழுத மாட்டே. எழுத வைப்பாங்க."

அன்று பிற்பகல் தண்ணீர்த் தொட்டியில் படப்பிடிப்பு. தண்ணீர் தன் கைக்குக் கட்டுப்படுகிறது என்று வீராவுக்குத் தெரிகிற காட்சி. மார்பளவு நீரில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, மேலிருந்து கொட்டும் வெள்ளத்தை ஒடெஸ்ஸா எதிர்கொள்ள வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம் பழுது. உதடு நீலமாகிவிட்டது. ஆனாலும் ஒரே மூச்சில் செய்து முடித்தாள். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இயக்குநர் முடிந்தது என்று சொன்னார். துண்டோடு காத்திருந்த பெண் தொட்டியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அப்போது பின்பக்கக் கதவு திறந்தது. காரெட் லின்ட்க்விஸ்ட் உள்ளே வந்தான். படங்களில் கலங்கரையாக நடிப்பவன். பக்கத்துத் தளத்துக்கு வந்தவன், சும்மா எட்டிப் பார்த்திருக்கிறான்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

தளமே கைதட்டியது. விளக்குக்காரர்கள் ஏணியில் நின்றபடி தட்டினார்கள். துண்டுக்காரப் பெண் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள். காரெட்டைக் குறை சொல்ல முடியாது, கூச்சப்பட்டுத்தான் நின்றான். ஒடெஸ்ஸா தானாகவே தொட்டியிலிருந்து ஏறி, நீர் சொட்டச் சொட்ட நடந்து போய்த் துண்டை எடுத்துக்கொண்டாள். அவளை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே என் கையும் தட்டிக்கொண்டிருந்தது.

வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே ஒரு சிரிப்பும் வந்தது. எதை நடக்கவிடக் கூடாது என்று பயந்தேனோ, அது கண்ணெதிரே நடந்து முடிந்துவிட்டது. இதைவிட நல்ல காட்சியை நான் உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது.

நேரே அறைக்குப் போனேன். "மரிசோல், அவன் வர்றான்" என்றேன்.

"என்ன திடீர்னு?"

"வர்றான், ஒரு வரி பேசறான். அவ்ளோதான். உட்காரு, எழுதணும்."

அடுத்த வாரம் வாசிப்பு. நடிகர்கள் எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரதியை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டு வாசிப்பது இங்கே வழக்கம். வசனம் தவிர மற்றதையெல்லாம் எழுத்தாளர் ஒருவர் படிப்பார். அன்று மரிசோல் படித்தாள். எதிர்ப்பக்கம் கார்வினும் மேலிடத்து ஆட்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காரெட்டும் வந்திருந்தான்.

கடைசிக் காட்சி வந்தது. அணை பிளந்துவிட்டது. வீரா அதன் உச்சியில் தனியாக நின்று இரண்டு கைகளாலும் வெள்ளத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள். பல வருடமாக அணை விரிசல் விட்டிருக்கிறது என்று கத்தியவள் அவள். பைத்தியம் என்று சிரித்த ஊர் இப்போது கூரைகளில் ஏறி நிற்கிறது. ஒடெஸ்ஸா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளைத் தூக்கினாள். அந்த வசனங்களைத் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போல மூச்சுத் திணறப் பேசினாள். பார்க்கிற எனக்குத் தோள் வலித்தது.

மரிசோல் படித்தாள்: "வானத்தில் ஒரு விளக்கு. கலங்கரை கூரைமேல் இறங்குகிறான்."

காரெட் நிமிர்ந்து, அந்தப் புகழ்பெற்ற சிரிப்போடு தன் ஒரே வரியைச் சொன்னான். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

கார்வின் கைதட்டிவிட்டார். அவர் தட்டியதும் வரிசை முழுக்கத் தட்டியது. ஒருவர் விசில்கூட அடித்தார்.

மரிசோல் கெட்டிக்காரி. அவசரப்படவில்லை. சத்தம் அடங்கும் வரை பிரதியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அடுத்த வரியைப் படித்தாள்.

"ஊர் கைதட்டுகிறது. வீராவை யாரும் பார்க்கவில்லை. அவள் இன்னும் வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்."

ஒடெஸ்ஸாவின் கைகள் அப்படியே தூக்கியபடி இருந்தன. மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கார்வின் முகத்தில் அவள் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. பிறகு, கோபமே இல்லாமல், கடைசி வசனத்தைச் சொன்னாள்.

"அப்ப அவரே பாத்துக்கட்டும்."

கைகளைக் கீழே இறக்கினாள்.

மரிசோல் பிரதியை மூடினாள். கார்வின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரெட்தான் முதலில் பேசினான். "இதுக்கு மேல எனக்கு ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதீங்க" என்றான் என்னிடம். அவனை எனக்கு அன்றுதான் பிடித்தது.

கார்வின் தொண்டையைச் செருமினார். "சரி, அடுத்த சீசன் உண்டு" என்றார். கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்த்துக் கேட்டார். "அதுல கலங்கரை வரணுமா, வேணாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒடெஸ்ஸா தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்தாள்.

"நான் கூப்பிட்டா வரட்டும்" என்றாள்.