வில் இறக்காத துப்பாக்கி

அலமாரிக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றார் அவர். சாவி இடுப்பில். கூடத்தில் மனைவியின் உடலைக் கிடத்தியிருந்தார்கள்; எடுத்துப்போகும் வண்டி வர இன்னும் அரை மணி. அதற்குள் ஒற்றைக்கண்ணி வந்து நிற்கிறாள். அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றை மூடிக்கொண்டு சுடுவாள் என்று மனைவி வைத்த பெயர் அது. பறக்கும் மண்தட்டைச் சுடும் போட்டியில் இருபது வருடமாக அவளும் மனைவியும் மாறி மாறி முதலிடம்.

“அண்ணே, அந்தத் துப்பாக்கிய ஒரு நிமிஷம் பாக்கணும்.”

“பொணம் இன்னும் வாசப்படி தாண்டல. எண்பது வருஷத்துத் துப்பாக்கின்னதும் நாக்குல எச்சி ஊறுதோ?”

“அவ கை குட்டை, அதுக்கேத்த மாதிரி தோள்ல முட்டுக்கொடுக்கிற கட்டையும் குட்டை. சும்மா குடுத்தாலும் எனக்குச் சேராது.”

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, மெதுவாப் பேசுங்க.”

“நீ போ. யாரையும் நம்புறதுக்கில்ல.”

ஒற்றைக்கண்ணி நகரவில்லை. “ஞாயித்துக்கிழமை கடைசி இருபத்தஞ்சுல ஒம்போது தட்ட விட்டுட்டா. தோள் வலிக்குதுன்னா. வயசாயிருச்சு கெழவின்னு சிரிச்சேன்.” அலமாரியைப் பார்த்தாள். “வீட்டுக்கு வந்து துப்பாக்கிக்குள்ள இருக்கிற சுருள்வில்லு எறக்கினாளான்னு பாக்கணும். என்ன அலுப்பா இருந்தாலும் அத மட்டும் விடமாட்டா.”

அவர் வேண்டாவெறுப்பாகத் திறந்தார். கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் குழலை மடக்கினாள். உள்ளே காலி.

“லேசா மடங்குது பாருங்க. வில்லு ஏறியே கெடக்கு. வெத்துத் தோட்டா போட்டு ரெண்டு விசையையும் இழுத்து வச்சாத்தான் பழைய வில்லு தளராது. ரெண்டு ‘டக்’ கேக்குமே உங்களுக்கு?”

கேட்கும். ஞாயிறுதோறும் சாயங்காலம் இந்த அறையிலிருந்து. கேட்டதும் அவர் எழுந்து டீக்குத் தண்ணீர் வைப்பார். போன ஞாயிறு டீயே போடவில்லை. தோற்றுவிட்டு வந்து மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று பேசாமல் இருந்துவிட்டார். திங்களும் அப்படியே. செவ்வாய் காலையில் அவள் எழவில்லை.

“நீயே எறக்கு.”

“நீங்க செய்யுங்கண்ணே.” வெற்றுத் தோட்டா இரண்டையும் போட்டு, குழலைத் தரைப்பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

டக்.

கூடத்தில் பேச்சு நின்றது. வாசலில் ஏதோ வண்டி பின்னோக்கி வரும் சத்தம்.

டக்.

துப்பாக்கியை அவள் கையிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

“அப்பா, வண்டி வந்துருச்சு” என்று மகள் வந்தபோது, இன்னும் சூடேறாத தண்ணீரைப் பார்த்தபடி அடுப்புத் தீயைக் கூட்டிக்கொண்டிருந்தார்.