பூவரசங் கதவில் தவில்

கதவின் நடுவில் ரெத்தினம் கரிக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பொன்னுத்தாய் பாய்ந்து வந்தாள். இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தைக்கூட இறக்கவில்லை.

"டேய், என்னடா பண்றே?"

"ஓட்டை போடப் போறேம்மா. ஸ்பீக்கர் வைக்க."

"உன் மண்டையில போடு!"

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. அந்தத் தெருவிலேயே மரக்கதவு போட்ட முதல் வீடு அவளுடையது. குடியிருப்புச் சட்டம் வந்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, மனைக்குப் பட்டா கைக்கு வரும்வரை அது பண்ணையின் இடம். பண்ணை இடத்தில் குடியிருப்பவர்களுக்குக் கதவுக்குப் பதில் கீற்றுப் படல்தான். பண்ணையின் காரியக்காரர் தெருவில் நின்றபடியே குடைக் கம்பியால் படலை நெட்டித் தள்ளுவார். உள்ளே இவள் சேலை மாற்றுகிறாளா, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பட்டா வந்த மாதமே அவளும் புருஷன் ஐயாவுவும் குடவாசல் கடைத்தெருவில் பூவரசம் பலகையில் கதவு செய்து, தலையில் வைத்து, வேண்டுமென்றே பண்ணை வீட்டுத் தெரு வழியாகத் தூக்கிவந்தார்கள். வெள்ளிக்கு வெள்ளி அதற்கு வேப்பெண்ணெய் போட்டுத் துடைப்பாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவள் இத்தனை தவறாமல் எண்ணெய் வைத்ததில்லை.

ரெத்தினத்துக்கும் வேறு வழி தெரியவில்லை. தங்கை காளியம்மாளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மைக்செட்காரர், "உங்க தெருவுக்கு அனுப்பினா அப்புறம் பண்ணையில என்னைக் கூப்பிட மாட்டாங்க தம்பி" என்று கையை விரித்துவிட்டார். அந்தத் தெருவில் எந்தக் கல்யாணமும் மைக்செட் கண்டதில்லை. ரெத்தினம் குடவாசலில் மீரா உசேன் பாயின் ரேடியோ கடையில் ஆறு வருஷமாக வேலை பார்ப்பவன். ரோஷத்தில், "நானே செஞ்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். டூரிங் கொட்டகையில் கிழிந்ததென்று ஒதுக்கிய பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் கேட்டு வாங்கி, கிழிசலைப் புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டினான். இசைத்தட்டுப் பெட்டியும் ஆம்ப்ளிபையரும் லாரி பேட்டரியும் பாய் கொடுத்தார். எல்லாம் வந்தது, ஆனால் தட்டைப் போட்டால் நாதஸ்வரம்தான் கேட்டது, தவிலடி மட்டும் வரவில்லை.

"திட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளும்மா."

நாதஸ்வரத் தட்டைச் சுழலவிட்டு ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்தான். ஈ மொய்க்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு, நடுவில் ஓட்டை போட்டிருந்த ஓர் அகலமான அட்டையில் அதைப் பொருத்திப் பிடித்தான். எங்கிருந்தோ தவில் எழுந்து வந்தது. கூடவே அட்டையும் சலசலத்தது.

"ஸ்பீக்கர் முன்னால தள்ளுற காத்தைப் பின்பக்கம் இழுத்துக்குது. நடுவுல அகலமா மறைப்பு இருந்தா அதால முடியாது. வயல்ல ஓட்டுற பரம்புப் பலகையில வச்சுப் பாத்தேன், அகலம் பத்தலை. பெட்டி அடிக்கப் பலகைக்கு எங்க போறது? அட்டைக்கே இப்படின்னா, நம்ம கதவுக்கு எப்படி இருக்கும்?"

பண்ணை வீட்டுக் கல்யாணத் தவிலைப் பொன்னுத்தாய் கேட்டதெல்லாம் நடவு வயலில் குனிந்தபடிதான். அந்த அடிக்கு அவள் கை தானாக நாற்றை ஊன்றியிருக்கிறது. தன் வாசலிலும் ஒருநாள் அது முழங்க வேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

குடத்தை இறக்கிவைத்தாள். உள்ளே போய்த் தாம்பாளத்தை எடுத்துவந்தாள்.

"இதை வச்சு வரை. உன் வட்டம் கோணிக்கிட்டுப் போவுது."

கல்யாணத்தன்று ரெத்தினம் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். "கதவைத் தொறந்தா தவில் போயிரும். எல்லாரும் கொல்லை வழியா வாங்க." சம்பந்தி வீட்டார்கூடச் சிரித்துக்கொண்டே கொல்லையைச் சுற்றித்தான் வந்தார்கள். ஊசியை வைத்ததும் கதவு அதிர்ந்தது. வெளியே பந்தலில் எவ்வளவு கேட்டதோ அவ்வளவும் உள்ளே, பெண்ணுக்கும் கேட்டது. பொன்னுத்தாய் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இது அவள் மனை, அவள் கதவு, அவள் மகன் கைவேலை.

காளியம்மாளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோதுதான் கதவின் அடி இடுக்கில் இரண்டு செருப்புகள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு குடை முனை. அது மேலே போனது. கதவு ஒருமுறை நெட்டப்பட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை. சற்றுப் பொறுத்து, தவிலுக்கு நடுவே, விரலை மடக்கித் தட்டுகிற சத்தம் கேட்டது. காரியக்காரர் இந்த வாசலில் தட்டுவது இதுதான் முதல் தடவை.

"பொன்னுத்தாய்! சத்தத்தைக் கொறைக்கச் சொல்றாங்க பண்ணையில. கதவைத் தொற!"

ரெத்தினத்தின் கை தன்னால் ஊசியை நோக்கிப் போனது. பொன்னுத்தாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறந்தா தவில் போயிரும்னு நீதானேடா சொன்னே?"

மறுபடியும் தட்டும் சத்தம், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. அவள் மகள் பக்கம் திரும்பி, மிச்சப் பூவை நிதானமாகச் செருகினாள். இடுக்கில் செருப்புகள் கால் மாற்றி நின்றன. இசைத்தட்டில் ஊசி இன்னும் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை.