கடலுக்கு ஒரு கேட்

எங்கள் குடும்பத்தில் ஓய்வெடுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தற்பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கணக்கு வரும். எனக்கு ஓய்வு வரும். கடைசி பெஞ்சில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது இந்தத் துறையில் ஆரம்பப் பாடம். பேராசிரியருக்கே எழுப்ப மனசு வராதபடி தூங்குவது முதுநிலை. நான் இரண்டையும் முடித்துவிட்டு ஆராய்ச்சியில் இருப்பவன். ஆகவே, அப்பாவையும் அம்மாவையும் ஒரு தீவுக்கு அழைத்துப்போகும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டதில் வியக்க ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்குத் தெரிந்தவன்தான் சொல்லித்தர வேண்டும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு ஃபாக்டரி வாசலில் வாட்ச்மேன். வாட்ச்மேன் வேலை என்றால் கேட்டைத் திறந்து மூடுவது என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கருத்துப்படி கேட்டைக் காற்றுகூடத் திறக்கும், மூடும். வேலை என்பது எண்ணுவது. காலையில் உள்ளே போன தலைகள் சாயங்காலம் வெளியே வர வேண்டும். கடைசித் தலை வராமல் பூட்டுக்கு வேலையில்லை. இதற்கு அவர் காகிதம் வைத்துக்கொள்வதில்லை. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் தெரியவே தெரியாது. ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆள் வந்ததும் "உள்ள எத்தன பேர்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் நாற்காலியில் உட்கார வருகிறவனிடம் அப்பா நாற்காலியைக் கொடுத்ததில்லை. ஒருமுறை, கேட்கத் தெரியாத புது ஆள் ஒருவன் வந்ததால் அடுத்த ஷிப்டையும் அவரே பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். தாழ்ப்பாள் போடுமுன் "எல்லாரும் வந்தாச்சா?" என்பார். எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அவர் விசாரிக்கும் எல்லாரும் அவர் கால் நீட்டினால் இடிக்கும் தூரத்தில்தான் படுத்திருப்போம். "இல்லப்பா, ஒருத்தன் பாக்கி. நான்தான். வந்துட்டே இருக்கேன்" என்பேன் போர்வைக்குள்ளிருந்து. அதைக் கேட்டும் அவர் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைப் போடுவார்.

அம்மா ஒரு தையல் கடையில் கொக்கி, பட்டன் வைக்கிறாள். கல்யாணமான புதிதில் அப்பா அவளிடம் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. "இடுப்பளவு தண்ணியில உங்கப்பா கையப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்டா. அவ்வளவுதான்." லீவு கிடைத்தபோது மாற்று ஆள் வரவில்லை, மாற்று ஆள் வந்தபோது நான் பிறந்தேன். இப்போது மிஷின்களைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஃபாக்டரியை ஒரு வாரம் மூடினார்கள். உள்ளே எண்ண ஆளில்லை என்பதால் அப்பாவுக்கு லீவு.

மழை வருமா வராதா என்று வானமே முடிவெடுக்காத மாதங்களில் அந்தத் தீவில் எல்லாம் பாதி விலை. அறை, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்த சலுகையை நான்தான் கண்டுபிடித்தேன். கடல் தெரியும் அறை என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் அறையிலிருந்து இறங்கி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, நுனிக்காலில் நின்றால் கடல் தெரிந்தது.

அம்மா பையைத் திறந்தாள். கடையில் மிஞ்சிய கருநீலத் துணியில் தனக்கு ஒரு சுடிதார் தைத்திருந்தாள். கடலில் இறங்குவதற்கென்றே தைத்தது, சீக்கிரம் உலரும் துணி. அதே துணியில் அப்பாவுக்கு முழங்கால் வரை ஒரு கால்சட்டை.

"இதுல பாக்கெட் இருக்கா?" என்றார் அப்பா.

"கடல்ல இறங்கறதுக்கு எதுக்குங்க பாக்கெட்?"

"விசில் வைக்க."

லீவில் வந்தவர் விசிலையும் கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா ஊசியை எடுத்துப் பாக்கெட் வைத்துக் கொடுத்தாள்.

கடற்கரை அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் கரும்பாறை, ஒரு பக்கம் தென்னை, நடுவில் கண்ணாடி மாதிரி பச்சைத் தண்ணீர். இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு வலை ஊஞ்சல். அதைப் பார்த்த கணமே அதுவும் நானும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டோம். ஏறிப் படுத்தேன். வகுப்பு ஆரம்பம் என்று அப்பாவை அழைக்கலாமென்று திரும்பினால், அவர் லாட்ஜ் வராந்தாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறார். மணலில் அழுத்தி நட்டார். கடலைப் பார்த்து உட்கார்ந்தார். கட்டைவிரல் ஊர ஆரம்பித்துவிட்டது.

"என்னப்பா பண்றீங்க?"

"உள்ள ஆறு பேர் இருக்காங்கடா."

"அதுக்கு?"

"காவலுக்கு யாருமே இல்ல, பாத்தியா? அங்க போர்டே வச்சிருக்கான், 'உங்கள் பொறுப்பில் குளிக்கவும்'னு. அது என்ன பேச்சு? அவங்க குளிப்பாங்களா, பொறுப்பா இருப்பாங்களா?"

"அவங்ககிட்ட ஐடி கார்டு செக் பண்ணீங்களா? சாயங்காலம் பையத் தொறந்து காட்டச் சொல்லுங்க, கடல்லேர்ந்து ஏதாவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க."

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

அம்மா கருநீலச் சுடிதாரில் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். "வாங்க." "இரு, அந்த ரெண்டு பேர் வந்துரட்டும்." அந்த இரண்டு பேர் வந்தபோது வேறு நான்கு பேர் இறங்கினார்கள். கடல் என்பது ஷிப்ட் முடியாத ஃபாக்டரி என்பதை அப்பா கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார். புரிந்தபோதும் எழுந்திருக்கவில்லை. அம்மா சுடிதாரின் ஓரம்கூட நனையாமல் அறைக்குத் திரும்பினாள்.

மறுநாள் மத்தியானம் வரை பார்த்துவிட்டு, "நீயாவது வாடா" என்று என்னை ஊஞ்சலிலிருந்து உதிர்த்தாள். தீவைச் சுற்றிவர ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. பழுதான கலங்கரை விளக்கம், கூரை போன ஒரு உப்புக் கிடங்கு, நண்டுகள் துளை போட்ட ஒரு குட்டி விரிகுடா. அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள், எல்லா இடத்திலும் "உங்கப்பா பாத்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். வழுவழுப்பான கல் ஒன்றை எடுத்து முந்தானை மாதிரி துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது விசில் கேட்டது. விட்டு விட்டு, மூச்சு முட்ட.

கடற்கரையில் தீவே கூடியிருந்தது. லாட்ஜ்காரம்மா, கரண்டியோடு சமையல்காரர், கயிற்றோடு படகுக்காரர். கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கப் போன ஒரு தொப்பைக்காரர் திரும்பவில்லை என்றார் அப்பா. தொப்பைக்காரரின் மனைவி, "சார் சொல்றது சரிதான், காணோம், காணோம்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா முழங்காலளவு தண்ணீரில் நின்று ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. படகு பாறையைச் சுற்றிவிட்டு வெறுமனே வந்தது.

தொப்பைக்காரரைக் கண்டுபிடித்தவன் நான். ஊஞ்சலில் இருந்தார். என் ஊஞ்சலில். பாறைக்கு அந்தப் பக்கமாகக் கரையேறி, காலியாக இருக்கிறதே என்று படுத்து, அத்தனை விசிலுக்கும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். என் துறையில் இப்படி ஒரு மேதை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அவர் மனைவி துண்டாலேயே நாலு அடி போட்டுவிட்டு, பிறகு அதே துண்டால் அவர் தலையைத் துவட்டினாள்.

கூட்டம் சிரித்தது. படகுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "சார், கடலுக்கெல்லாம் கேட் கிடையாது சார்" என்றார்.

"அதாம்பா பிரச்சனையே" என்றார் அப்பா.

அதற்கும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

சாயங்காலம் அவள் சுடிதாரையும் கால்சட்டையையும் மடித்துப் பைக்குள் அடியில் வைத்தாள். நாளைக்கு மத்தியானம் படகு. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விசிலுக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில போலாம்" என்றார்.

"வேணாங்க."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல." அம்மா பையின் ஜிப்பை மூடினாள். பாதியில் சிக்கியது. "உள்ள இறங்கினவங்க எல்லாம் உங்க கணக்குல இருக்காங்க. ஒருத்தி இறங்காமலே கரையில நிக்கிறா. அவ எந்தக் கணக்குங்க?"

அப்பாவின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்குப் போய் அங்கேயே நின்றது. ஒரு நக்கல் என் வாய் வரை வந்தது. எனக்கே ஆச்சரியமாக, அதை விழுங்கிவிட்டேன்.

காலையில் நான் எழுந்தபோது அறையில் யாருமில்லை. பை திறந்து கிடந்தது.

வெளியே வந்தால், அம்மா அலை வந்து தொட்டுப்போகும் விளிம்பில் கருநீலத்தில் நிற்கிறாள். பத்தடி பின்னால் நாற்காலியில் அப்பா. அவரும் கருநீலக் கால்சட்டைதான், சட்டையைக்கூடக் கழற்றிவிட்டார். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஒரு கூட்டம் இறங்கிவிட்டிருந்தது. தொப்பைக்காரரும் இருந்தார், இந்த முறை மனைவி அவர் கையைப் பிடித்திருந்தாள். அப்பா பாதி எழுவார், யாராவது ஒரு தலை அலைக்குப் பின்னால் மறையும், உட்கார்ந்துவிடுவார். அம்மா கூப்பிடவே இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஈர மணலில் கால்விரலால் எதையோ கீறிக்கொண்டிருந்தாள்.

ஊஞ்சல் காலியாக இருந்தது. காலை வெயில் சரியாக அதன் வயிற்றில் விழுந்திருந்தது. கடைசி நாள்.

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னடா, தூங்கலையா?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "உள்ள எத்தன பேர்?"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடியிருப்பார். புது ஆளைப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏழு" என்றார். "செவப்புத் தொப்பிக்காரன் அடிக்கடி முங்குவான். பயந்துராத, எந்திரிச்சிருவான். அந்தப் பாறைப் பக்கம் மட்டும் ஒரு கண்ணு வச்சுக்கோ."

பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது. நான் உட்கார்ந்த பிறகுதான் நகர்ந்தார். நடக்கும்போது இரண்டு முறை திரும்பி, நாற்காலியில் ஆள் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் போய் நின்றதும் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு அவர் தோளுக்கு மேலாக என்னை. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரம்.

கணுக்காலளவு. முழங்காலளவு. அங்கே அப்பா தயங்கினார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இடுப்பளவு வந்ததும் நின்றார்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி விறைப்பாக, ஒரே துணியில் வெட்டிய இரண்டு ஆட்கள். ஏழோடு இரண்டு என்று என் கட்டைவிரல் தானாக நகர்ந்து மோதிர விரலின் கடைசிக் கணுவில் நின்றது.

அப்போது பெரிதாக ஒரு அலை வந்தது. அந்த இரண்டு தலைகளும் இல்லை. நான் எழுந்தது எனக்குத் தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. விசில் பற்களுக்கு நடுவே இருந்தது, நெஞ்சு முழுக்கக் காற்று இருந்தது.

ஒரு தலை வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அம்மா மூக்கால் தண்ணீர் விட்டுக்கொண்டே சிரித்தாள். அப்பா ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை எனக்குத் தூக்கிக் காட்டினார், இரண்டு விரல்.

நாற்காலியை நிமிர்த்தி மணலில் அழுத்தி நட்டேன். தூரத்தில் மத்தியானப் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்னால் காற்றுக்கு ஊஞ்சல் கிறீச்சிட்டது. கட்டைவிரலை நான் அந்தக் கணுவிலிருந்து எடுக்கவில்லை.