வயருக்கெல்லாம் சொந்தக்காரப் பேர்

அந்தப் பழைய டீசல் பிக்கப்பின் பானெட்டைத் தூக்கியதும் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பிக்கோ எரிச்சல். இருக்காதா பின்னே? இன்ஜினை ரிப்பேருக்குக் கழற்றியவர் அப்பா. பட்டறைக்காரர் சரிசெய்து திரும்ப உட்கார வைத்தபோது, வயர்களை மாட்ட அப்பா உயிரோடு இல்லை. ஐந்து கனெக்டர்கள் எதிலும் சேராமல் தொங்கின. நான்கில், பழைய பெட்ஷீட் கிழிசலில் அப்பாவின் கோணல் எழுத்து.

"பெரியத்தையாம், மாமாவாம்! மெக்கானிக் பாத்துட்டு, 'இது வண்டியா, குடும்ப போட்டோவா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டான்," என்றான் தம்பி. "நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வர்றார். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிட்டா வண்டி உனக்கு. இல்லன்னா அவருக்கு."

"சும்மா தொணதொணக்காம டார்ச்சைப் பிடிடா."

அப்பாவுக்குப் பாகங்களின் பேர் எதுவும் வாயில் நுழையாது. "பேர் எதுக்கு? குணம் தெரிஞ்சா போதாதா?" என்பார். பள்ளி விட்டதும் அவரோடு வாடகை மேஜை நாற்காலி இறக்கப் போவாள் அக்கா. பாதி வழியில் வண்டி நிற்கும். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வம்புக்கு இழுத்து, குணம் பொருந்துகிற வயரில் அவர்கள் பேரை எழுதிக் கட்டுவார். இவள் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள். என்ன நாட்கள் அவை!

அதெல்லாம் அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளும் வரைதான். அதன்பின் ஆறு வருஷம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாராம். கடைசியில் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். கோபம் தீர்ந்ததா, இல்லையா? யாரிடம் கேட்பது? அவளுக்கு வண்டி மேல் ஆசை என்று தம்பி நினைத்தான். வண்டி கிடக்கிறது வண்டி! அவர் கை பட்ட ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்றுதான் ஓடி வந்திருந்தாள்.

"பெரியத்தைக்கு என்னடா எப்பவும்?"

"பிரஷர்."

"அப்ப இது ஆயில் பிரஷர் சுவிட்ச்." சாவியைத் திருப்பச் சொல்லி, வயரை இன்ஜினில் தொட்டுப் பார்த்தாள். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிந்தது. சட்டென்று சூடாகிற மாமா டெம்பரேச்சர் முள்ளை ஏற்றினார். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குகிற சித்தப்பா கியர்பாக்ஸில் ரிவர்ஸ் லைட்டுக்கு. நான்காவது தடித்த வயர். 'தூங்குமூஞ்சி'.

"இது யாரு?" என்றான் தம்பி.

"உன்னைத் தவிர யாரு? காலைல எழுப்பறதுக்குள்ள எங்க உயிர் போகும். இது ஹீட்டர் பிளக். சூடேறாம இன்ஜின் எழுந்திருக்காது."

அக்கா குனிந்து முன்பக்கம் பார்த்தாள். ஹாரன் வயர்தான் அவளுடையது. 'வாயாடி' என்று எழுதிக் கட்டி, "வீட்லயும் இதே சத்தம்தான்" என்று கேலி செய்வார். ஹாரன் இருந்தது, வயர் இருந்தது. துணியை மட்டும் காணோம். கட்டியிருந்த தடம்தான் மிச்சம்.

பிய்த்து எறிந்துவிட்டார். ஒரு துண்டுத் துணியில்கூட அவள் இருக்கக் கூடாது என்று. தன் முகத்தைத் தம்பி பார்த்துவிடக் கூடாதே என்று ஐந்தாவது கனெக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

அதில் பெட்ஷீட் துணி இல்லை, வெள்ளை பிளாஸ்டர். மேலே கண்ணாடி டேப் ஒட்டி, அதன்மேல் கிரீஸ் அப்பிக் கிடந்தது. "இது எங்கடா போகுது?"

"டீசல் பம்ப்புக்கா இருக்கும். போன வருஷம்தான் பம்ப்பை மாத்தினோம். மாத்தறப்ப அப்பா மெக்கானிக்கை ஒரே நச்சரிப்பு. 'இந்த ஒத்தை வயர் போனா என்னாகும்?'னு. 'டீசல் வராது, வண்டி ஒரு அடி நகராது. ஹாரன் இல்லாமகூட ஓட்டிடலாம், இது இல்லாம முடியாது'ன்னான் அவன். உடனே இவர் உள்ள போய் பிளாஸ்டரும் பேனாவும் எடுத்துட்டு வந்து உக்காந்துட்டார். என்ன எழுதினாரோ, யாரையும் பாக்க விடலை."

அக்கா மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தம்பி எட்டிப் பார்த்தான்.

'வாயாடி'.

"போன வருஷமாடா?" என்றாள்.

"போன வருஷம்தான்க்கா."

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, இந்த மனுஷன்!" பானெட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதாள் அக்கா. தம்பி டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, இரும்புக்காரருக்குப் போன் போட்டான்.

"வர வேண்டாம்ங்க. வண்டியை எங்க அக்கா எடுத்துக்கறாங்க."