பத்தொன்பதாவது குறிப்பு

உலகம்மையின் மூன்றாவது பாடத் திருத்தமும் முந்தைய இரண்டைப் போலவே வந்திருந்தது. முதல் பத்தியில் ஒரு பிழையும் இல்லை. நீண்ட வாக்கியம் இரண்டாகப் பிரிந்திருந்தது, வேண்டாத 'மிகவும்' போயிருந்தது. இரண்டாம் பத்தியிலிருந்து கடைசிவரை ஓர் எழுத்துகூட மாறவில்லை. நாகலக்ஷ்மி பழைய படியையும் புதிய படியையும் திரையில் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டாள். சோம்பேறி என்றால் அந்தச் சோம்பல் முதல் பத்தியிலும் தெரிய வேண்டும். சொன்னது புரியவில்லை என்றால் முதல் பத்தி மட்டும் எப்படிப் புரிந்தது?

இணையவழி எழுத்துப் பயிற்சி தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. பாடத்துக்கு ஒரு கதை என இதுவரை நான்கு. மாணவர் மின்னஞ்சலில் கதை அனுப்புவார். நாகலக்ஷ்மி கரமனை வீட்டில் உட்கார்ந்து, கதையில் குறை தென்படும் இடத்தில் எல்லாம் எண் போட்டு, எண் வரிசையில் குறிப்பு எழுதி அனுப்புவாள். அதைப் பார்த்து மாணவர் திருத்தி எழுத வேண்டும். ஒரு குறையையும் விடக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். உலகம்மையின் நான்காவது கதைக்கு இருபத்திரண்டு குறிப்பு எழுதியிருந்தாள்.

பயிற்சியை நடத்திய தாணுலிங்கம் போனில் சிரித்தார். "கதை ஒண்ணரைப் பக்கம், குறிப்பு மூணு பக்கம். எழுத்தாளர் அவளா நீங்களா டீச்சரே?"

"அவளுக்கு நன்னா வரும் சார். எங்கேயோ தடைப்படறது."

"எங்கயும் தடைப்படல. முதல் பத்திய வேற யாரோ எழுதிக் கொடுக்கா, மீதிய அவ அப்படியே ஒட்டுதா. இன்னும் ரெண்டு வாரத்துல, தொடர்ந்து படிக்கவங்க லிஸ்ட் போகணும். நாலாவதும் இப்படியே வந்துதுன்னா பேர வெட்டிருங்க. சும்மா பேரு கிடந்து என்ன பிரயோஜனம்?"

வெட்டினால் மறுபடி சேர்க்கமாட்டார்கள். பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து சேர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிறு மதியம், விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு நாகலக்ஷ்மி போன் செய்தாள். அது மலையடிவாரத்தில் விதுராவில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டரின் எண். எடுத்த கடைப் பெண் ஷிஜா, "உலகம்மையோ? இவிடெ உண்டு," என்று சொல்லி உள்ளே கூப்பிட்டாள்.

"டீச்சரா! ஏதும் தப்பாப் போச்சா டீச்சர்?"

"ஒண்ணுமில்லே. நான் அனுப்பறதெல்லாம் படிக்கறயோ?"

"படிக்கேன். இப்ப எழுதிக்கிட்டிருந்தேன்."

"எதை?"

"நீங்க எழுதினதத்தான். நோட்டுல பாத்து எழுதுதேன். இங்க பிரிண்டர்ல தமிழ் எடுத்தா கட்டங்கட்டமா வருது. வீட்டுல போயி அதப் பாத்துத்தானே திருத்தணும். ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எறங்கி வர முடியும். ஒண்ணரைக்கு வந்தேன், ரெண்டே முக்காலுக்குத்தான் கம்ப்யூட்டர் கெடச்சுது, இப்பத்தான் அஞ்சாவது முடிஞ்சுது. மூணரைக்கு பஸ்ஸு."

நாகலக்ஷ்மி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து.

"அப்போ மீதி?"

"மீதியும் நல்லதாத்தான் இருக்கும்னு தெரியும் டீச்சர்."

"இதை முன்னாடியே சொல்லப்படாதோ?"

"சொன்னா நீங்க கம்மியா எழுதிருவீங்கல்ல. எனக்கு இவ்வளவு நீளமா யாரு எழுதுதா?"

நாகலக்ஷ்மி தான் எழுதிய குறிப்புகளைத் திரையில் திறந்தாள். முதல் ஐந்தும் எழுத்துப்பிழையும் நிறுத்தற்குறியும்தான், ஏனென்றால் கதையில் முதலில் வந்த குறைகள் அவை. அவள் உண்மையில் கேட்க விரும்பியது பத்தொன்பதாவதாக, மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. அதுவரைக்கும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் எட்டியிருக்காது.

"நோட்டை மூடிடு," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சரிவுல இலைக்கட்டோட விழுந்த அம்மா எழுந்து சிரிச்சான்னு எழுதியிருக்கியே, ஏன் சிரிச்சா?"

போனில் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது.

"அது… கங்காணி பாத்துக்கிட்டு நின்னாரு டீச்சர்," என்றாள் உலகம்மை. குரல் இறங்கியிருந்தது. "பஸ்ஸுக்குப் போகட்டா?"

"போ. அதை எழுதிண்டு வா."

அடுத்த ஞாயிறு வந்த கதை நான்கு பக்கம். முதல் பத்தியில் ஆறு எழுத்துப்பிழைகள் அப்படியே இருந்தன. இரண்டாம் பக்கத்தில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி குடையோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா முழங்கால் ரத்தத்தைச் சேலையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள், வலிக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்குக் கூலிக்கான ஆள்கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்பதால்.

நாகலக்ஷ்மி பெயரைப் பட்டியலில் வைத்தாள். பிறகு மற்ற பத்து மாணவருக்கும் எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் தனிக் கோப்பில் போட்டுவிட்டு, ஒவ்வொருவர் கதையையும் திரும்பப் படித்தாள். ஒரு தடவைக்கு ஒரே கேள்வி. அது கடிதத்தின் முதல் வரியில் இருக்க வேண்டும். காகிதம் இல்லாமல் மனசிலேயே வீடுவரை கொண்டுபோகும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். பிழைகளைக் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம்.