பத்து டிகிரிக்கு மேல்

விமானப் பொறியியல் படிக்க நான் பதினோரு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றுதான் வாசலைத் திறந்தது. நான் மூன்றாம் ஆண்டுக்கு வந்த சமயம், விமான நிலையத்தில் இருபது வருஷம் பயணச்சீட்டு சரிபார்த்துச் சலித்துப்போன அம்மா, விளையாட்டாக அதே படிப்புக்கு ஐந்து நாடுகளுக்கு விண்ணப்பம் போட்டாள். நான்கு இடங்கள் அவளை வா வா என்றன. என் முகத்தில் கதவைச் சாத்திய பனி நாட்டுப் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று.

"அங்கயே போயேன்மா," என்றேன், மனதார.

"உன்னை விட்டுட்டா? நமக்கு ஒரு சமையலறை போதும்டி," என்று என் பல்கலைக்கழகத்துக்கே, என் அறைக்கே வந்து சேர்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் நான் 'சீனியர்'. துறையிலோ 'ஆன்ட்டியோட பொண்ணு'. என்னைத் தேடி வந்த நண்பன் சுருட்டை, அம்மாவிடம் ஒரு மணி நேரம் அரட்டை அடித்துவிட்டு என்னைப் பார்க்காமலே போனான். பேராசிரியரை நான் ஒரு நாளும் சிரிக்கவைத்ததில்லை. அம்மாவோ முதல் வகுப்பிலேயே, "இருபது வருஷமா எல்லாரையும் ஏத்தி அனுப்பிட்டேன் சார், இது எப்படித்தான் மேல போகுதுன்னு பார்த்துடலாம்னு வந்தேன்" என்றாளாம். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் அந்தப் போட்டி வந்தது. மாணவர்கள் சொந்தமாகச் செய்த சிறு விமானங்களைக் கடல் தாண்டிப் போய்ப் பறக்கவிட வேண்டும். எங்கள் குழுவில் இறக்கை மட்டும்தான் முடிவாகவில்லை. நான் ஒன்று செய்திருந்தேன், அம்மா ஒன்று. எந்த இறக்கை தேர்வாகிறதோ அதைச் செய்தவள் போவாள். மற்றவளுக்கு இடமில்லை. முதல் வருஷத்திலிருந்து நான் கனவு கண்ட பயணம் அது.

ஆய்வகத்தில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. நீளமான பெட்டி, ஒரு முனையில் பெரிய விசிறி, நடுவில் கண்ணாடி. இறக்கையின் மேல் கம்பளி நூல் துணுக்குகளை ஒட்டி உள்ளே பொருத்துவோம். காற்று ஒழுங்காக ஓடினால் நூல்கள் வாரிவிட்ட தலைமுடிபோலப் படிந்திருக்கும். காற்று பிடி நழுவினால் பேயாடும்.

நூல் ஒட்டும்போது அம்மா என் இறக்கையின் முன்விளிம்பைத் தடவினாள். "மூக்கு ரொம்பக் கூரா இருக்கே, சீனியர். சட்டுனு கோவிச்சுக்குமோ?"

"உன்னுது மட்டும் என்ன, சப்பை மூக்கு."

"நம்ம வீட்டு மூக்குடி அது!"

சுருட்டை விழுந்து விழுந்து சிரித்தான்.

இறக்கையைச் சாய்க்கும் கைப்பிடி என்னிடம் இருந்தது. முதலில் அம்மாவுடையது. பத்து டிகிரி வரை ஏற்றினேன். எங்கள் ஆய்வகத்தில் அங்கேதான் நிறுத்துவது வழக்கம். அடுத்து என்னுடையது. அதே பத்தில் அது அம்மாவுடையதைவிட அதிகம் தூக்கியது. நூல்கள் அசையவே இல்லை.

"போதுமா?" என்றார் பேராசிரியர்.

"போதும் சார்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

குழம்பில் உப்பு குறைந்தாலே மூன்று கேள்வி கேட்பவள், சட்டைக் கையில் ஒட்டிய நூலைப் பிய்த்தபடி சொன்னாள்: "போதும் சார். பாப்பாவோடதே போகட்டும்."

பாப்பா!

அவளுக்குத் தெரியும். வெளியே ஒரு முரட்டுக் காற்று அடித்தால் விமானம் பத்தைத் தாண்டிச் சாயும், அங்கே என் கூர்மூக்கு தாங்காது. தெரிந்தே விட்டுக்கொடுக்கிறாள். நான்கு பல்கலைக்கழகங்கள், என் நண்பன், பேராசிரியரின் சிரிப்பு எல்லாம் அவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவளுக்கேவா? என் வெற்றி அவள் போடும் பிச்சையா?

கைப்பிடியைச் சுற்றினேன். பதினொன்று. பன்னிரண்டு. நூல்கள் ஒரே நொடியில் தாறுமாறாகத் துடித்தன. தூக்குவிசையைக் காட்டும் மானியின் முள் தொப்பென்று விழுந்தது.

"ஏய், என்ன பண்ற?" என்றான் சுருட்டை.

"அம்மாவோடதையும் மாட்டு. அதையும் ஏத்திப் பார்க்கணும்."

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. ஒவ்வொரு டிகிரிக்கும் 'விழு, விழு' என்று வேண்டிக்கொண்டேன். பின்விளிம்பில் மட்டும் இரண்டு நூல்கள் லேசாகத் தலையாட்டின. சப்பை மூக்கு அசரவில்லை. பேராசிரியர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அம்மா என் காதருகே வந்தாள். "ஏன்டி ஏத்துன? நான்தான் விட்டுக்கொடுத்தேன்ல?"

"யாரு கேட்டா? நல்லவங்கற பேரும் உனக்கே வேணுமா?"

அவள் முகம் சுருங்கியது. அழுவாள் என்று நினைத்தேன்.

"சரி. இனிமே ஒண்ணும் விட்டுத்தர மாட்டேன்," என்றவள் திரும்பி, "சார், நான்தான் போறேன்!" என்று கத்தி ஒரு துள்ளல் துள்ளினாள். சுருட்டை கைதட்டினான். வாழ்க்கையில் நான் ஒரு முறையாவது அப்படித் துள்ளியிருக்கிறேனா என்று யோசித்தேன். அதற்கும் சேர்த்து எரிந்தது.

"சீனியர், உன் பெரிய பெட்டி வேணுமே."

"தர மாட்டேன்."

"சின்னது?"

"அதையும்தான்."

"போடி, நான் சாக்குப்பையில கட்டிட்டுப் போறேன்," என்றாள். அவள் முகத்தில் துளி வருத்தமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.